கிளாரினெட் எந்த இனம்?

நாடு சுதந்திரம் அடையப் போகிறது என்று தெரிந்ததும் மலாக்காவில் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த வகையில் தயாரானார்கள். கடைக்காரர்கள் கொடித்துணி வாங்கி அடுக்கினார்கள். முனிசிபாலிட்டி சாலையோரக் கற்களுக்கு வெள்ளையடித்தது. ஹாலிவெல் நினைவு ஆங்கிலப் பள்ளி ஒரு குழு அமைத்தது.

அந்தப் பள்ளியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே குழு இல்லாமல் ஈ பறக்காது. கைகழுவும் குழாய் ஒழுகினால் ஒழுகல் குழு கூடும். குழு முடிவுக்கு வருவதற்குள் குழாயே துருவேறி அடைத்துக்கொள்ளும். அதைக் குழுவின் சாதனை என்று ஆண்டு விழாவில் வாசிப்பார்கள். பெற்றோர் கை தட்டுவார்கள். தட்டாத பெற்றோர் யார் யார் என்று பார்ப்பதற்கும் ஒரு குழு இருந்தது.

இந்த முறை விஷயம் பெரியது. ஊரை விட்டுக் கிளம்பிய வெள்ளைக்காரப் பட்டாளம் ஒன்று, கப்பலில் இடமில்லாமல் தன் பேண்ட் வாத்தியங்களைப் பள்ளிக்குத் தானம் செய்துவிட்டுப் போயிருந்தது. சுதந்திர தினத்தன்று பாடாங்கில், ஊரே கூடும் அந்தத் திடலில், பள்ளி பேண்ட் வாசிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எந்தப் பையன் எந்த வாத்தியம் கற்பது? வேறு பள்ளியாக இருந்தால் பையன்களைக் கேட்டிருப்பார்கள். ஹாலிவெல் பள்ளி அவ்வளவு கீழே இறங்குமா? ‘வாத்தியத் தேர்வு மற்றும் ஒதுக்கீட்டுக் குழு’ பிறந்தது. தலைவர், தலைமையாசிரியர் பென்ரோஸ் துரை. செயலாளர், சரித்திர ஆசிரியர் மாணிக்கவாசகம். மூன்றாவது ஆள் பேண்ட் மாஸ்டர் ரொட்ரிக்ஸ். உஜோங் பாசிரில் வீடு, போர்த்துகீசிய வம்சம், போலீஸ் பேண்டில் காலமெல்லாம் வாசித்து ஓய்வு பெற்றவர். குழுவில் இசை தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவருக்கு ஓட்டு இல்லை.

இந்தக் குழுவிடம் அகப்பட்டுக்கொண்டவர் நம் கலியாணசுந்தரம். தண்ணீர் இலாகாவில் மீட்டர் படிக்கிற உத்தியோகம். வாயில்லாப் பூச்சி. நாய் குரைக்கிற வீட்டில் வேலிக்கு வெளியே நின்றே மீட்டரைப் படித்துவிட்டு, நாயிடம் மன்னிப்புக் கேட்காத குறையாக நகர்ந்துவிடுவார். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பத்தில் பிறந்து டவுனுக்கு வந்தவர். வாழ்க்கையில் அவர் துணிந்து செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். கம்போங் செட்டியில் ஒரு வீட்டுக்கு மீட்டர் படிக்கப் போய், அங்கே மீனாச்சியைப் பார்த்து, அந்த மாதம் முழுக்க அதே மீட்டரைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பெண்ணின் மாமா அப்பு வெளியே வந்து, “தண்ணி அவ்வளவா செலவாகல, பெண்ணைக் கேக்கறதுன்னா கேளு” என்று மலாயில் சொல்லிவிட்டார். கல்யாணம் நடந்தது. கம்போங் செட்டி இருக்கும் காஜா பெராங்கிலேயே வாடகைக்கு வீடு பிடித்தார்கள்.

மீனாச்சியின் ஜனங்களை மலாக்கா செட்டிகள் என்பார்கள். தமிழ் நாட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்த முன்னோர்கள் சுல்தான் காலத்திலேயே இங்கே பெண் எடுத்துத் தங்கிவிட்டார்கள். பெயர் தமிழ், கும்பிடுவது மாரியம்மன், பேச்சு மலாய், பெண்களுக்கு உடை மலாய்ப் பெண்களைப் போலச் சாரோங்கும் கெபாயாச் சட்டையும். இத்தனை நூற்றாண்டாக இதில் யாருக்கும் எந்தச் சிரமமும் இருந்ததில்லை. பேண்ட் குழு வந்த பிறகுதான் இதில் சிக்கல் இருப்பது தெரிந்தது.

அவர்கள் பிள்ளை கணேசமூர்த்தி ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளைச் சுவரில் சாய்த்த கையோடு அப்பாவிடம் வந்தான்.

“அப்பா, எனக்கு கிளாரினெட் வேணும்.”

“அது என்னடா?”

“கறுப்புக் குழல்பா. எல்லா வாத்தியத்தையும் ரொட்ரிக்ஸ் சார் வாசிச்சுக் காட்டினாரு. இது மட்டும் யாரோ பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருந்துச்சு.”

“நாயனம் மாதிரியா?”

“நாயனம் கூப்பிடும்பா. இது பேசும்.”

மூர்த்தி எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. இருந்ததைத் தின்று, கொடுத்ததை உடுத்திக்கொண்டு வளர்ந்தவன். அவன் முகத்தில் அன்று இருந்த ஆசையைப் பார்த்ததும் கலியாணசுந்தரத்துக்கு நெஞ்சு இளகிவிட்டது.

“வேற யாராச்சும் அத கேக்கறாங்களா?”

“யாரும் இல்லப்பா. ஆ செங்குக்கு டிரம் வேணும். அவங்க வீட்ல சிங்க ஆட்டத்துக்கு அடிக்கிறவங்க. நடராஜன் டிரம்பெட் கேக்கறான். யூசோப் சோம்பேறி, அந்த முக்கோணக் கம்பிய தட்டினா போதுங்கறான்.”

“அப்பறம் என்ன லா? ஆளுக்கு ஒண்ணு. உனக்கு கிளாரினெட்டு. அப்பா சொல்லிட்டேன், போ” என்றார் கலியாணசுந்தரம்.

அவர் பள்ளிக்கூடங்களில் மீட்டர் மட்டுமே படித்தவர். சிக்கலே இல்லாத ஒரு விஷயத்தைப் பார்த்தால் ஒரு குழுவுக்கு எப்படி வயிறு எரியும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

முதலில் உதடு பார்த்தார்கள். பென்ரோஸ் துரையிடம் சீமையில் அச்சான ஒரு கையேடு இருந்தது. எந்த உதட்டுக்கு எந்த வாத்தியம் என்று அதில் படம் போட்டிருந்தது. பெற்றோர் முன்னிலையில் பையன்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஜியோமிதிப் பெட்டியிலிருந்து எடுத்த மர ஸ்கேலால் துரை தம் கையாலேயே உதடுகளை அளந்தார். மாணிக்கவாசகம் குறித்துக்கொண்டார். மூர்த்தியின் முறை வந்தபோது துரை நெடுநேரம் அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் அளந்தார்.

“மேல் உதடு கிளாரினெட்டுக்குத் தகுதி பெறுகிறது. கீழ் உதடு டிரம்போனுக்குத்தான் தகுதி பெறுகிறது. இந்தப் பையனின் வாயில் ஒற்றுமை இல்லை” என்றார் கவலையோடு.

கலியாணசுந்தரம் தம் உதடுகளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். தம்மிடமிருந்துதான் பிள்ளைக்கு வந்திருக்குமோ என்று சங்கடமாக இருந்தது. பிறகு, எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு மாணிக்கவாசகத்திடம் மெதுவாகக் கேட்டார்.

“சார், அவன் ஒரு தடவ ஊதிப் பாக்கட்டுமே?”

மாணிக்கவாசகம் பேனாவை மூடினார்.

“ஊதிப் பாக்கறதா? மிஸ்டர் கலியாணசுந்தரம், நீங்க படிச்சவரா இருந்தா இப்படிக் கேக்க மாட்டீங்க. ஊதிப் பாத்தா என்ன ஆகும்? யாருக்கு எது நல்லா வருதோ, அத அவங்களுக்கே குடுக்க வேண்டியதாப் போயிடும். அப்பறம் குழு எதுக்கு?”

ஓட்டில்லாத ரொட்ரிக்ஸ் மூலையில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தார். கூரையில் பார்க்க ஒன்றுமில்லை.

உதடுகள் எல்லாம் அளந்து முடித்தபின், அந்தக் கணக்கின்படி பார்த்தால் பேண்டில் இருபது பேர் டிரம்போன் வாசிக்க வேண்டும் என்று தெரிந்தது. பள்ளியிடம் டிரம்போனே இல்லை. ஆகவே சீமைக் கையேட்டை மரியாதையாக அலமாரியில் வைத்துவிட்டு, மாணிக்கவாசகம் தாமே ஒரு திட்டம் தீட்டினார். மறுவாரம் பெற்றோர் அனைவரையும் மண்டபத்துக்கு அழைத்து அதை வெளியிட்டார். அவருடைய ஆங்கிலப் பேச்சை எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன். அதில் கூட்டியது எதுவும் இல்லை.

“பெற்றோர்களே! நாளைய மலாயா ஒரு பேண்ட். அதில் மூன்று இனங்கள். நம்மிடம் இருப்பதும் மூன்று வகை வாத்தியங்கள். இது தற்செயலா? இல்லை, இது வரலாறு. பித்தளை வாத்தியங்கள் மலாய் மாணவர்களுக்கு. அரண்மனையில் கொம்பு ஊதும் மரபு அவர்களுடையது. குழல் வாத்தியங்கள் சீன மாணவர்களுக்கு. அவர்கள் நாட்டில் மூங்கில் அதிகம். தோல் வாத்தியங்கள் இந்திய மாணவர்களுக்கு. இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. திருவிழாக் காலத்தில் நான் தூங்கி எத்தனையோ வருடமாயிற்று. இதில் இன பேதத்துக்குத் துளியும் இடமில்லை. யார் எந்த இனமோ அவருக்கு அந்த இனத்தின் வாத்தியம், அவ்வளவுதான். மேடையில் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள், எதையும் காதால் கேட்காமல், கண்ணால் பார்த்தே நம் ஒற்றுமையைத் தெரிந்துகொள்ளலாம்.”

பின்வரிசையில் ஒருவர் எழுந்து, “காதால் கேட்க விரும்புகிறவர்கள் என்ன செய்வது?” என்றார்.

“அவர்களைப் பற்றித் தனியாக யோசிப்போம்” என்றார் மாணிக்கவாசகம்.

இனத்துக்கு ஒன்றாகப் பங்கு போட்டது போக அந்த முக்கோணக் கம்பி மிஞ்சியது. அதை செரானிகளுக்கு, அதாவது போர்த்துகீசிய வம்சத்தவருக்கு, ஒதுக்கினார்கள். பள்ளியில் அந்த வருடம் செரானிப் பையன் எவனும் பேண்டில் சேரவில்லை. எனவே அது ரொட்ரிக்ஸுக்கே போயிற்று. மற்ற இனத்தாரின் வாத்தியங்களை அவர் இனிமேல் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். தொடாமல் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று அவர் கேட்டார். பிரம்பால் காட்டலாம், பிரம்புக்கு இனம் கிடையாது என்று குழு பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டது.

பெயர்களைப் படித்தார்கள். “கணேசமூர்த்தி, இந்தியர், டிரம்.”

கலியாணசுந்தரத்துக்குப் பிள்ளைக்குச் சொன்ன வாக்கு மனதில் குத்தியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அப்போது பக்கத்தில் மீனாச்சி எழுந்துவிட்டாள். நெற்றியில் திருநீறு, பச்சை கெபாயா, பூப்போட்ட சாரோங்.

“சார், எங்க பையன் டிரம் கேக்கல லா. கிளாரினெட் தான் கேட்டான்.”

பென்ரோஸ் துரை மாணிக்கவாசகத்தின் காதருகே குனிந்தார். “இந்த மலாய் அம்மாள் யார்?”

“பையனுடைய அம்மா.”

“பையன் இந்தியன் என்றல்லவா படித்தீர்கள்?”

மாணிக்கவாசகத்துக்கு வேர்த்தது. மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

“நீங்க மலாய்க்காரங்களாம்மா?”

“இல்ல. நாங்க செட்டி.”

“அப்ப தமிழு.”

“தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான் பேசுவேன். லாக்கி தமிழ் லா, அதனால கத்துக்கிட்டேன்” என்று புருஷனைக் காட்டினாள்.

“வீட்ல என்ன பேசுவீங்க?”

“மெலாயு.”

“கும்பிடறது?”

“மாரியம்மன்.”

“எத்தன காலமா இந்த ஊர்ல?”

“சுல்தான் காலத்துல இருந்து. நீங்க எப்ப வந்தீங்க சார்?”

சரித்திர ஆசிரியர் இந்தச் சரித்திரக் கேள்வியை விட்டுவிட்டுப் பட்டியலைத் துரையிடம் நீட்டினார். துரை பட்டியலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்துவிட்டு மிக வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“செட்டிகளுக்கென்று பட்டாளம் வாத்தியம் எதுவும் கொடுத்துவிட்டுப் போகவில்லையே.”

இப்படியாக கணேசமூர்த்தியின் விவகாரம் விசாரணைக்குப் போயிற்று. தாய்வழியை நேரில் ஆராய்ந்து, பையனில் எது எவ்வளவு என்று கண்டறிவதென்று முடிவு. முன்னறிவிப்பு கொடுத்தால் குடும்பத்தார் இனத்தை மாற்றி வைத்துவிடுவார்கள் என்று மாணிக்கவாசகம் அஞ்சினார். அதனால் ஒரு மதியம், சொல்லாமல் கொள்ளாமல், பின்சந்து வழியாக, அவரும் பென்ரோஸ் துரையும் கம்போங் செட்டியில் மீனாச்சியின் தாய்வீட்டுக்குள் சமையல்கட்டு வழியாக நுழைந்தார்கள்.

அன்று பார்த்து அந்த வீட்டில் பார்ச்சு. செட்டிகள் செத்துப்போன முன்னோர்களுக்கு வருடத்தில் ஒரு நாள் குடும்பமாகக் கூடிப் படைப்பதை அப்படித்தான் சொல்வார்கள். கூடத்தில் வரிசையாக வாழை இலை விரித்து, செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வைத்து, சாம்பிராணி காட்டிக் கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமல்லவா? குடும்பம் முழுக்க முற்றத்தில் ரம்புத்தான் மரத்தடியில் பேச்சுமூச்சில்லாமல் காத்திருந்தது. கலியாணசுந்தரமும் மூர்த்தியும்கூட அங்கேதான் நின்றார்கள்.

குழு உள்ளே பார்த்தது: யாருமில்லாத வீடு, வரிசையாகச் சாப்பாடு, ஆவி பறக்கிறது.

“எப்படியோ விஷயம் கசிந்திருக்கிறது. நமக்காகவே சமைத்து வைத்திருக்கிறார்கள்” என்றார் மாணிக்கவாசகம்.

“சாப்பிடாமல் போனால் மனம் புண்படும்” என்றார் துரை. இருவரும் உட்கார்ந்தார்கள்.

முற்றத்தில் முதலில் கேட்டது அப்பளம் நொறுங்கும் சத்தம். கூட்டத்தில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. பிறகு ரசம் உறிஞ்சும் சத்தம். அதன் பிறகு நீளமான ஒரு ஏப்பம். இத்தனை வருடமாகப் படைத்தும் சோற்றில் ஒரு பருக்கை குறைந்து பார்த்தறியாத பெரிய மாமா அப்பு, கண்ணில் தண்ணீர் வழியக் கதவுக்கு நேராக நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் விழுந்தார்கள். கலியாணசுந்தரம் எந்தப் பக்கம் பார்த்து விழுவது என்று தெரியாமல் மனைவியைப் பார்த்து விழுந்தார்.

கதவு திறந்தது. மீசையில் சோற்றுப் பருக்கையோடு ஒரு வெள்ளைக்காரர் வெளியே வந்தார்.

அப்பு மாமா தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். நம் பரம்பரையில் இப்படி ஒருவர் இருந்ததாக யாரும் சொன்னதில்லையே என்று யோசித்தார். டச்சுக்காரன் இந்த ஊரை ஆண்ட காலத்தில் என்னென்ன நடந்ததோ, யார் கண்டது என்று சமாதானம் ஆகி மறுபடியும் கும்பிட்டார். பின்னாலேயே ஏப்பம் விட்டபடி மாணிக்கவாசகம் வந்ததும்தான் குட்டு வெளிப்பட்டது. ஆனால் முன்னோர் இலையில் கை வைத்தவர்களைத் திட்டக்கூடாது என்று அப்பு மாமா சொல்லிவிட்டார். யார் வாயால் சாப்பிட்டாலும் அவர்கள் சாப்பிட்டதுதானாம். இருவருக்கும் வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பி வைத்தார்கள். குடும்பம் அன்று மிச்சம் மீதியைத் தின்றது.

விசாரணை அறிக்கை அடுத்த திங்கட்கிழமை சபையில் வாசிக்கப்பட்டது. “சோறும் ரசமும் இந்தியம். சம்பல் பெலாச்சான் என்ற இறால் துவையல் மலாய், மிகவும் காரம். பரிமாறிய கிண்ணம் சீனம் என்றாலும் அதைச் சாப்பிடவில்லை என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே மாணவன் கணேசமூர்த்தி பாதி இந்தியர், பாதி மலாய் என்று குழு ஏகமனதாகக் கண்டறிகிறது. அவனுக்கு அரை டிரம்மும் அரை டிரம்பெட்டும் உரியவை.”

குழு சொன்னால் சொன்னதுதான். டிரம் குச்சிகளில் ஒன்றையும், டிரம்பெட்டில் வாய் வைத்து ஊதும் துண்டையும் கழற்றி மூர்த்தியின் கையில் கொடுத்தார்கள். அதனால் நடராஜன் ஒற்றைக் குச்சியால் டிரம் அடித்தான். யூசோப் ஊதும் வாயில்லாத டிரம்பெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். ஊதாமலே நிற்கலாம் என்றதும் அவன் ஒருவன் மட்டும் குழுவை வாழ்த்தினான். கிளாரினெட் ஆ செங்குக்குப் போயிற்று. அவன் அதை வைத்து மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான்.

மூர்த்தி அன்று வீட்டுக்கு வந்து குச்சியையும் துண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்தான். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று கலியாணசுந்தரத்துக்கு இருந்தது. “பரவால்லப்பா” என்று அவன் சொன்னான். பிள்ளை தன்னைச் சமாதானப்படுத்துகிற நிலைமை வந்துவிட்டதே என்று வெட்கமாகப் போயிற்று அவருக்கு. அப்பா சொல்லிட்டேன் என்று அத்தனை தெம்பாகச் சொன்னவர் அவர்தானே. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

ஆனால் சில நாளில் மூர்த்தி ஏனோ தெளிந்துவிட்டான். பள்ளி விட்டுத் தாமதமாக வந்தான். சைக்கிளைத் தள்ளும்போது ஏதோ முனகிக்கொண்டே வந்தான். காரணம் புரியாமல் கலியாணசுந்தரம் விழித்துக்கொண்டிருந்தார். அந்த மாதம் ஹாலிவெல் பள்ளியின் மீட்டரைப் படிக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த மீட்டர் பள்ளிக்குப் பின்னால், பழைய சாமான் கொட்டகையை ஒட்டி இருந்தது. குனிந்து எண்ணைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கொட்டகைக்குள் யாரோ பேசுவது போல ஒரு குழல் கேட்டது.

பலகை இடுக்கு வழியாகப் பார்த்தார். ஆ செங் டிரம்மை அடித்துக்கொண்டிருந்தான், இரண்டு குச்சியாலும். நடராஜனிடம் டிரம்பெட், ஊதும் துண்டோடு முழுசாக. யூசோப் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து தனக்கு முறை வரும்போது மட்டும் முக்கோணத்தைத் தட்டினான். நடுவில் ரொட்ரிக்ஸ் கண்ணை மூடிப் பிரம்பை ஆட்டிக்கொண்டிருந்தார். ஓரமாக, கறுப்புக் குழலோடு, மூர்த்தி. அவன் கன்னம் உப்பித் தாழ்ந்தது. மேல் உதடும் கீழ் உதடும் ஒன்றாகவே வேலை செய்தன. கலியாணசுந்தரம் அன்றைக்குக் குறித்துக்கொண்ட எண்ணின்படி பார்த்தால் அந்தப் பள்ளி பக்கத்து ஆற்றையே குடித்திருக்க வேண்டும். கண் கலங்கியிருந்ததில் எண் சரியாகத் தெரியவில்லை.

ரொட்ரிக்ஸ் வெளியே வந்தபோது அவரைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“செக்ரெட்டரி கிட்ட சொல்லிடுவீங்களா?” என்று மலாயில் கேட்டார்.

“நான் மீட்டர் மட்டும்தான் படிச்சேன் சார்” என்றார் கலியாணசுந்தரம். வாழ்க்கையில் இரண்டாவது துணிச்சல் அது.

ஆகஸ்ட் கடைசி நாளும் வந்தது. பாடாங்கில் எள் போட இடமில்லை. சேமாபோக்கிலிருந்தும் உஜோங் பாசிரிலிருந்தும் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஒலிபெருக்கி மாணிக்கவாசகத்தின் கையில் இருந்தது. அதைவிட அவருக்கு வேறென்ன வேண்டும்? புதிய நாட்டின் கீதம் ஒலிக்கும்போது எப்படி நிற்பது என்று அவர் காலையிலிருந்து ஜனங்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

“அசையக்கூடாது! தலை சொறியக்கூடாது! கொசு கடித்தால் கடிக்கட்டும்! கீதம் முடிகிற வரையில் எவர் காலடி நகர்ந்தாலும், அவர் எவ்வளவு பெரியவராயினும், இந்தப் புதிய தேசத்தை அவமதித்தவர் ஆவார்!”

பேண்ட் வந்து நின்றது. குழுவின் ஆணைப்படி இனவாரியாக வரிசை, இனவாரியாக வாத்தியம். மூர்த்தி இரண்டு வரிசைக்கு நடுவில், ஒரு கையில் குச்சியும் ஒரு கையில் துண்டுமாக நின்றான். மேடையிலிருந்து மாணிக்கவாசகம் பெருமையோடு பார்த்தார். ரொட்ரிக்ஸ் பிரம்பைத் தூக்கினார். பிறகு, போலீஸ் பேண்டில் பழகிய குரலில், திடல் முழுக்கக் கேட்கும்படி, “துகார்!” என்றார். மாற்றிக்கொள் என்று அர்த்தம்.

டிரம் ஆ செங்கிடம் போயிற்று. டிரம்பெட் நடராஜனிடம் போயிற்று. மூர்த்தி துண்டை அவனுக்கும் குச்சியை ஆ செங்குக்கும் கொடுத்தான். ரொட்ரிக்ஸ் சட்டைப் பையிலிருந்து முக்கோணத்தை எடுத்து யூசோப்பின் கையில் தொங்கவிட்டார். கிளாரினெட் மூர்த்தியிடம் வந்து சேர்ந்தது. மாணிக்கவாசகத்தின் முகம் வெளிறியது. ஆனால் சிறப்பு விருந்தினராக வந்திருந்த பெரியவர், இனங்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுப்பதைக் காட்டும் நிகழ்ச்சி இது என்று நினைத்து எழுந்து கை தட்டினார். உடனே மாணிக்கவாசகமும் எழுந்து, இத்தனையும் தம் ஏற்பாடுதான் என்பதைப் போல நாலா பக்கமும் கும்பிட்டார்.

கீதத்தை வாசித்தார்கள். நன்றாகவே வாசித்தார்கள். மீனாச்சி கெபாயா நுனியால் கண்ணைத் துடைக்க நினைத்து, அசையக்கூடாது என்பதால் வழியவிட்டாள்.

முடிந்ததும் பிள்ளைக்குத் தாகமாக இருக்குமே என்று கலியாணசுந்தரம் தண்ணீர் போத்தலோடு கயிற்றுக்கு அடியில் நுழைந்து திடலுக்குள் போனார். அதே நேரம் பத்திரிகைக்காரர்களோடு மாணிக்கவாசகமும் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

“எல்லாரும் அவங்கவங்க வாத்தியத்த வாங்கிக்குங்க! போட்டோ புடிக்கப் போறாங்க. நம்ம ஒற்றுமை படத்துல தெரிய வேணாமா? மூர்த்தி, அத ஆ செங் கிட்ட குடு. நாளையிலிருந்து அந்தக் கொட்டகைக்கும் பூட்டுதான்.”

மூர்த்தி அப்பாவைப் பார்த்தான். கலியாணசுந்தரம் கையில் இருந்த போத்தலைக் கீழே வைத்துவிட்டு, தலையை மட்டும் இடமும் வலமுமாக ஆட்டினார். குடுக்காதே.

மாணிக்கவாசகத்தின் கை கிளாரினெட்டைத் தொடப் போன அந்த நொடியில் மூர்த்தி அதை வாயில் வைத்தான். கீதத்தை முதலிலிருந்து ஆரம்பித்தான்.

கலைந்துகொண்டிருந்த திடல் அப்படியே நின்றது. மேடையில் பெரியவர் விறைத்து நின்றார். பென்ரோஸ் துரை நின்றார். போலீஸ்காரர்கள் நின்றார்கள், ஐஸ் கச்சாங் விற்பவர் ஐஸைச் சீவிய கையோடு நின்றார். மாணிக்கவாசகம் நீட்டிய கையை மடக்கவும் முடியாமல், கிளாரினெட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி, ஒற்றைக்கால் குதி தூக்கியபடி நின்றார். நாலாயிரம் கண்களும் பத்திரிகைக்காரர்களும் அவருக்கு எதிரே இருந்தார்கள்.

கீதம் முடிந்தது. மூர்த்தி மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தான். இந்த முறை ஆ செங் டிரம்மோடு சேர்ந்துகொண்டான். பிறகு நடராஜன் சேர்ந்தான். யூசோப்கூடத் தட்டினான்.

நாலாவது தடவையில் மாணிக்கவாசகத்தின் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து தொங்கியது. உதடு அசையாமல், பக்கத்தில் விறைத்து நின்ற கலியாணசுந்தரத்திடம் பேசினார்.

“மிஸ்டர் கலியாணசுந்தரம்… நிறுத்தச் சொல்லுங்க. அத அவனே வெச்சுக்கட்டும்.”

“எவ்வளவு நாளைக்கு சார்?” கலியாணசுந்தரமும் உதடு அசையாமல்தான் கேட்டார். தம் குரல் நடுங்காமல் வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

“இந்த வருஷம் பூரா.”

“அடுத்த வருஷம்?”

“அது குழு கூடித்தான்…”

கீதம் ஐந்தாவது தடவை தொடங்கியது.

“குழு வேணாம்! குழுவே வேணாம் சார்! பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் கிளாரினெட் அவனோடதுதான். எல்லாப் பசங்களும் இப்ப கையில இருக்கறதயே வெச்சுக்கட்டும். போதுமா? கால் மரத்துப் போச்சு, அவன நிறுத்தச் சொல்லுங்க!”

கலியாணசுந்தரம் தம் பிள்ளையைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, உலகமே தனக்காக நிற்கிறது என்பதுகூடத் தெரியாமல், அவன் ஊதிக்கொண்டிருந்தான்.

“ரொம்ப நன்றிங்க சார். ஆனா இன்னும் ஒரே ஒரு தடவ வாசிக்கட்டும். கேக்க நல்லா இருக்கு” என்றார் கலியாணசுந்தரம்.